ஊசி போட்டாயிற்று, இலை போட்டாயிற்றா?

சர்க்கரை வியாதி என்று பேச்சை எடுத்துவிட்டால் போதும். நம் நாட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை என்பது உடனே விளங்கிவிடும். ரயிலில் எதிர்ப் பலகையில் அமர்ந்திருப்பவர் வெந்தயத்தை ஊறவைக்கச் சொல்வார். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள் ஆவாரம்பூக் கஷாயத்தைச் சிபாரிசு செய்வாள். பாகற்காய்க் கட்சி, நாவற்கொட்டைக் கட்சி, சிறுகுறிஞ்சான் கட்சி என்று இவர்களுக்குள் கட்சிகள் பல உண்டு. ஆனால் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து ஒரே ஒரு தீர்மானத்தை மட்டும் ஏகமனதாக நிறைவேற்றியிருக்கின்றன. "ஊசி மட்டும் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிடாதீர்கள், அது கடைசிக் கட்டம்" என்பதே அந்தத் தீர்மானம்.

இதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டுக் கால் விரலையும் கண் பார்வையையும் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் கதை தனிக் கதை. நான் இன்று எழுத வந்தது, ஊசியை ஏற்றுக்கொண்ட மறுநாள் காலையில் வீட்டுச் சமையலறையில் தொடங்குகிறதே, அந்தப் பாடத்தைப் பற்றி. வைத்தியர் சீட்டில் ஒரே வரியாக எழுதிக் கொடுத்துவிடும் அந்தப் பாடத்தைக் கற்றுத் தேற ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்கள் பிடிக்கின்றன. இடையில் ஏமாந்தால் உயிருக்கே ஆபத்து.

நான் 46 வயதுப் பள்ளிக்கூட உபாத்தியாயன். இரவில் நாலைந்து முறை எழுந்து போவதும், பானைத் தண்ணீரைக் காலி செய்வதும், சட்டை தொளதொளவென்று ஆவதுமாக ஒரு மாதம் கழிந்தபின் ரத்தத்தைப் பரீட்சித்தார்கள். வெறும் வயிற்றில் 312 மில்லிகிராம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரீட்சையில் 11.8 சதவிகிதம், அது 6.5-ஐத் தொட்டாலே வியாதி என்று பெயர். டாக்டர் இன்சுலின் எழுதினார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சார்வாள், களைத்துப்போன மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்து நாலு நாள் கட்டிப்போடுகிற மாதிரிதான் இது. கணையத்துக்குக் கொஞ்சம் ஓய்வு. பிறகு மாத்திரைக்கே திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றார்.

வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள். அவரால் அவ்வளவுதான் பேச முடிந்தது. மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தவர் ஊசி போடக் கற்பித்த நர்ஸம்மாள். அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தை எங்கள் வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்: "உள்ளே போன மருந்து, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்காது, சார்வாள்."

இதைச் சற்று விளக்க வேண்டும். நாம் உண்ணும் சோறு, இட்லி, பழம் எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து வயிற்றில் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. அதை ரத்தத்திலிருந்து தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்பி வைக்கும் வேலையைக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. ஆரோக்கியமான கணையம் இரண்டு விதமாகச் சுரக்கும். இரவு பகல் எந்நேரமும் மெல்லிய ஒழுக்காக ஒன்று. சாப்பிட்டவுடன் வேகமாக வருவது மற்றொன்று. தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. காருக்கும் பிசானத்துக்கும் நாற்று நடுகிற காலத்தில் பாபநாசத்தில் திறந்து விடுகிறார்கள். கன்னடியன் கால்வாயில் அது ஒரு நேரத்தில் வந்து சேரும், மருதூர் அணைக்கட்டுக்கு இன்னொரு நேரத்தில் வந்து சேரும். திறந்து விட்ட தண்ணீரைத் திருப்பி அழைக்க முடியாது. வயலில் நாற்று இருக்கிறதா என்று அது பார்ப்பதும் இல்லை.

ஊசியில் ஏற்றும் இன்சுலின் அப்படிப்பட்ட தண்ணீர். கணையமாக இருந்தால், சர்க்கரை குறையக் குறையத் தானே மடையை அடைத்துக்கொள்ளும். தோலுக்கடியில் போய்விட்ட மருந்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே மருந்துக்குத் தக்க சாப்பாடு, சாப்பாட்டுக்குத் தக்க மருந்து, இரண்டும் சந்திக்க வேண்டிய நேரம் என்ற மூன்றையும் மனிதன் தன் மூளையால் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கடம் இன்சுலின் பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது. 1921-ஆம் ஆண்டு கனடா தேசத்தில் டொரான்டோ சர்வகலாசாலையில் பாண்டிங் என்ற இளம் வைத்தியரும் பெஸ்ட் என்ற மாணவரும், மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிசாலையில், நாய்களின் கணையத்திலிருந்து இந்தச் சத்தைப் பிரித்தார்கள். காலிப் என்ற ரசாயன நிபுணர் அதைச் சுத்தம் செய்து கொடுத்தார். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவன் அதை முதன்முதலில் பெற்றுக்கொண்டான். அதுவரையில் இந்த வியாதி கண்ட குழந்தைகளுக்கு உலகெங்கும் ஒரே சிகிச்சைதான்: பட்டினி. அமெரிக்க மந்திரி சார்ல்ஸ் எவான்ஸ் ஹியூஸின் புதல்வி எலிசபெத், 15 வயதை எட்டும் சமயத்தில் 20 கிலோ எடையுடன் எலும்பும் தோலுமாக டொரான்டோவுக்கு வந்து சேர்ந்தாள். ஊசி போட்டுக்கொண்டு, 1981 வரையில், 73 வயது வரை வாழ்ந்தாள். இந்தக் கண்டுபிடிப்பின் உரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் சர்வகலாசாலைக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள் என்பதை இன்று மருந்துக் கடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தால் கண்ணில் நீர் வருகிறது, இரண்டு காரணங்களுக்காக.

பட்டினியிலிருந்து விடுபட்ட அதே குழந்தைகள், மருந்து சற்று மிஞ்சிவிட்டால் வியர்த்து, நடுங்கி, நினைவிழக்கிறார்கள் என்பதையும் டாக்டர்கள் உடனே கண்டுகொண்டார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையே மருந்தாகிற விநோதம் அன்று முதல் தொடங்கியது.

மருந்தையும் சாப்பாட்டையும் நிறுத்துக் கணக்குப் போடும் முறையை வகுத்தவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆர். டி. லாரன்ஸ் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், தமக்கே இந்த வியாதி கண்டு, உறவினர் கண் முன்னே சாக வேண்டாம் என்று இத்தாலியில் பிளாரென்ஸ் நகரத்துக்குப் போய்க் காத்திருந்தார். 1923-இல் லண்டனிலிருந்து, இன்சுலின் வந்துவிட்டது, புறப்பட்டு வா என்று தந்தி வந்தது. பிழைத்தார், 1968 வரை வாழ்ந்தார். தம்மைப் போன்றவர்கள் ரசாயனம் படிக்காமலே சாப்பாட்டைக் கணக்கிட வேண்டுமென்று ஓர் எளிய வழி செய்தார். 10 கிராம் மாவுச்சத்துள்ள அளவுக்குக் கறுப்புப் பங்கு என்று பெயர். புரதமும் கொழுப்பும் உள்ளவற்றுக்குச் சிவப்புப் பங்கு. ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு சேர்ந்தால் ஒரு வரி. உனக்கு வேளைக்கு இத்தனை வரி, இத்தனை யூனிட் மருந்து என்று சொல்லிவிட்டால், பங்குக்குள் ரொட்டியோ, பழமோ எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்து ஆசாமியாகிய எனக்கு இதைப் படித்தவுடன் மனத்தில் ஒரு தெளிவு வந்தது.

அதே மாதிரி எங்கள் சமையலறையில் ஒரு சிறு தராசு வாங்கி வைத்தோம். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராம் என்றால் அதில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம். எங்கள் வீட்டில் மத்தியான இலையில் வழக்கமாக விழும் சோற்றை என் மனைவி நிறுத்தாள்: 410 கிராம். மாவுச்சத்து 115 கிராம். சர்க்கரைக் கரண்டியால் அளந்தால் 23 கரண்டி! சாம்பாருக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை என்று பரிமாறும்போது யாருக்கும் இது தெரிவதில்லை. நெல் விளைகிற பூமி இது. 1937 முதல் அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது, அங்கே பிறந்த அம்பை 16 எங்கள் வீட்டு உலையில் தினமும் கொதிக்கிறது. இங்கே சோற்றைக் குறை என்று ஒருவரிடம் சொல்வது, மரியாதையைக் குறை என்று சொல்வதற்குச் சமானம். இப்போது எனக்கு 150 கிராம். அதாவது 42 கிராம் மாவுச்சத்து, லாரன்ஸின் கணக்கில் நாலு பங்குக்குச் சற்று மேலே. முதல் இரண்டு வாரம் தினமும் நிறுத்தோம். பிறகு அன்னக்கரண்டியே கணக்குச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது.

தினமும் அளவு ஒரே மாதிரியாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். நான் போட்டுக்கொள்வது காலையும் இரவும் இரண்டே வேளை, வேகமாக வேலை செய்யும் மருந்து 30 பங்கும் மெதுவாக வேலை செய்வது 70 பங்கும் கலந்து வரும் மருந்து. யூனிட் எண்ணிக்கை சீட்டில் எழுதியபடி மாறாது. மருந்து மாறாதபோது சாப்பாடு மட்டும் ஒருநாள் உபவாசம், ஒருநாள் விருந்து என்று மாறினால் ரத்தச் சர்க்கரை ஊஞ்சலாடும். ஒவ்வொரு வேளையும் தனித்தனியே ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு, சாப்பாட்டைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் சுதந்திரம் உண்டு. ஒரு யூனிட் பத்துப் பதினைந்து கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்று தொடக்கத்தில் ஒரு கணக்கு வைத்து, ஆளுக்கு ஆள் அதை டாக்டர் திருத்திக் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு நமக்கு உதவாது.

இன்னொன்று. கருப்பட்டி நல்லது என்று இந்தப் பக்கத்தில் ஒரு பலமான நம்பிக்கை. உடன்குடியிலிருந்து உறவினர் ஒருவர் ஒரு சிப்பம் கொண்டுவந்து, "வெள்ளைச் சீனிதான் விஷம் அண்ணாச்சி, இது பனையிலே வந்தது, ஒண்ணும் செய்யாது" என்றார். பனையிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சர்க்கரைதான். சுக்குக் காப்பியில் போட்டால் மருந்தாகிவிடுவதில்லை. தேனுக்கும் அதுவே விதி. மாறாக, நம் ஊர் உளுந்தஞ்சோறு எனக்கு நல்ல நண்பன். தோலுளுந்து சேர்வதால் அரிசி குறைகிறது, சர்க்கரையும் மெல்ல ஏறுகிறது. சொதியைக் கண்டு பயப்பட வேண்டாம். அதைச் சாக்கிட்டு மறுசோறு கேட்பதற்குத்தான் பயப்பட வேண்டும். காய்கறியை முதலில் உண்டு, சோற்றைப் பிறகு தொட்டால் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படுகிறது என்பதும் பரீட்சித்து அறிந்த உண்மை.

நம் மக்கள் உணவை மறுத்து மேல்நாட்டு உணவுப் பட்டியலை ஒப்பிக்கத் தேவையில்லை என்று நம்மவர்களே வழிகாட்டியிருக்கிறார்கள். 1948-இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்றே தனிச் சிகிச்சைப் பகுதி தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன், 1954-இல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியும் ஏற்படுத்தினார். தானியம் உண்ணும் ஜனங்களிடம் தானியத்தையே ஒழிக்கச் சொல்லாமல், நார்ச்சத்துச் சேர்ந்த தானியமும் பயறும் காய்கறியுமாக அவர் உணவை அமைத்தார். இன்று இந்தத் துறையில் தமிழ்நாடு பெயர் பெற்றிருக்கிறது. வியாதியிலும் பெயர் பெற்றிருக்கிறது. 2023-இல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி தேசத்தில் சர்க்கரை வியாதிக்காரர் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினாலு பேருக்கு மேல்.

இனி நேரத்தைப் பற்றி. என் காலை ஊசி ஏழரை மணிக்கு. எட்டு மணிக்கு இட்லி. மருந்தின் வேகமான பங்கு அந்த இட்லியைப் பார்த்துக்கொள்ளும். மெதுவான பங்கு முற்பகல் முழுவதும் ஏறிக்கொண்டே வந்து, மத்தியானச் சாப்பாட்டை எதிர்பார்த்து இலை முன் உட்கார்ந்திருக்கும். ஒரு மணிக்குச் சோறு வராவிட்டால் அது சும்மா இராது. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதால் எனக்கு இது ஓரளவு சௌகரியம். ஆனால் பரீட்சைக் காலம் வந்தால், விடைத்தாள் எண்ணிக் கட்டுவதற்குள் இரண்டு மணி ஆகிவிடும். அந்த நாட்களில் பதினொன்றரைக்கு ஒரு கைப்பிடி சுண்டலோ, ஒரு பழமோ எனக்கு வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். சாக்குக்கட்டித் தூளோடு தூளாக.

இதெல்லாம் அதிகப்படியான ஜாக்கிரதை என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்தது.

என் பெரியப்பா ஒருவருக்கு 71 வயது. அதிர்ந்து பேச அறியாதவர். பாளையங்கோட்டையில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் இரவே வந்து தங்கியிருந்தார். காலை ஏழு மணிக்குப் பந்தி என்று சொன்னதை நம்பி ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பஸ் தாமதம். முதல் பந்தியில் அவர்களை உட்கார வைத்தார்கள். இரண்டாவது பந்தியில் இடம் இல்லை. வயதானவர், பெண் வீட்டைச் சேர்ந்தவர், முண்டியடித்து உட்காரலாமா? மேளச் சத்தத்தில் முன்வரிசை நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஒரு பையன் போய், "பெரியப்பா, இலை போட்டாச்சு, எந்திரிங்க" என்று தோளைத் தொட்டான். அவர் அவன் கையைத் தட்டிவிட்டுக் கோபமாக ஏதோ சொன்னார். சொல் குழறியது. "என்ன, காலையிலேயே தீர்த்தம் போட்டுட்டாரா?" என்று யாரோ பின்னால் சிரித்தார்கள்.

நல்ல வேளையாக அவர் பேத்தி நர்ஸ் படிப்புப் படிக்கிறவள். தாத்தாவின் சட்டைக் காலர் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததைக் கவனித்தாள். விரலில் குத்திப் பார்த்ததில் 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பது கணக்கு. அதற்குள் ஒருவர் பரிவோடு ஒரு தட்டு நிறைய அல்வா கொண்டுவந்தார். திருநெல்வேலிக் கல்யாணத்தில் அதற்குக் குறைவா? அவள் அதைத் தள்ளிவிட்டு, சமையற்கட்டிலிருந்து மூன்று சிறு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வரச் சொல்லி, தாத்தாவை நிமிர்த்தி, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். பதினைந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தபோது 82. பெரியப்பா கண் விழித்து, "என்ன எல்லாரும் என்னையே பார்க்குதிய?" என்று கேட்டார். பிறகு அவருக்கு இட்லி வந்தது.

அல்வாவை ஏன் தள்ளினாள் என்று அங்கே பலருக்குப் புரியவில்லை. அதில் சொட்டும் நெய்யே காரணம். கொழுப்பு சேர்ந்த தின்பண்டத்தில் உள்ள சர்க்கரை வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு நிதானமாகத்தான் வந்து சேரும். அந்த நேரத்தில் நிதானம் கூடாது. லட்டு, சாக்லேட் எல்லாவற்றுக்கும் இதே தடை. சீனித் தண்ணீர், குளுக்கோஸ் பொடி, பழரசம் ஆகியவையே அப்போது உதவுபவை. 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் காத்திருத்தல், மறுபடி பரீட்சை. ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியபின், அடுத்த வேளைச் சாப்பாடு தூரத்தில் இருந்தால் ஏதாவது ஆகாரம். அகார்போஸ், வோக்ளிபோஸ் என்ற மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சீனி உடனே உதவாது; அந்த மாத்திரைகள் சீனி பிரிவதையே தடுப்பவை. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். 108-க்குச் சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சுற்றத்தில் ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. எந்த விசேஷத்திலும், "ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்பவரைப் பார்த்து, "இலை போட்டாயிற்றா?" என்று திருப்பிக் கேட்கிறோம். சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லாத இடத்தில் ஊசி முந்துவதைக் காட்டிலும் பிந்துவது மேல் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். ஒரு மணி நேரம் சர்க்கரை ஏறியிருந்தால் உயிர் போகாது. 1996-க்குப் பின் வந்துள்ள அதிவேக மருந்துகளில், இலைக்கு முன் உட்கார்ந்தபின்பே போட்டுக்கொள்ளக் கூடியவையும் உண்டு. விலைதான் சற்று அதிகம்.

பகலில் நேர்வதை யாராவது பார்ப்பார்கள். இரவுதான் எனக்குக் கவலை. மாலை ஊசியின் மெதுவான பங்கு நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்கு வரும். கெட்ட கனவு, விடியற்காலையில் தலைவலி, நனைந்த தலையணை, இவை தாழ்ந்த சர்க்கரையின் அடையாளங்களாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் சில நாள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பரீட்சிக்கச் சொன்னார்கள். என் மனைவி எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். படுக்கும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஒரு தம்ளர் பால் குடிக்காமல் படுக்கக் கூடாது என்பது எனக்கு இட்ட உத்தரவு. மாலையில் ஆற்றங்கரையில் வழக்கத்துக்கு மேல் நடந்துவிட்ட நாளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்; உடம்பு உழைப்பின் விளைவு பல மணி நேரம் கழித்துக்கூட வரும்.

விரதங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருச்செந்தூரில் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்கள் எங்கள் ஜில்லாவில் ஏராளம். ஏகாதசி, சிவராத்திரி, புரட்டாசிச் சனிக்கிழமை, மேலப்பாளையத்தில் ரம்ஜான் நோன்பு, பாளையங்கோட்டையில் தவக்காலம். பெண்டிர்தாம் இதில் பிடிவாதக்காரர்கள். "மருந்தை நிறுத்தவில்லை, சாப்பாட்டைத்தான் நிறுத்தினேன்" என்று ஓர் அம்மாள் சொன்னாளாம். அதைக் காட்டிலும் மருந்தை நிறுத்தாமல் இருப்பதில் ஆபத்து வேறு இல்லை. முழுக்க நிறுத்துவதும் தவறு. சாப்பிடாத நாளிலும் உடம்புக்கு அந்த மெல்லிய ஒழுக்கு வேண்டும். நோன்புக்குப் பல நாள் முன்னாலேயே டாக்டரிடம் போய், எந்த வேளை எத்தனை யூனிட் என்று மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு எந்த மதமும் விலக்கு அளிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "விலக்கு உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தேசத்தில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குழாய் மருந்து 100 யூனிட். சிவப்பு மூடியுள்ள ஸிரிஞ்சு முன்னதற்கு, ஆரஞ்சு மூடியுள்ளது பின்னதற்கு. இது மாறினால் விபரீதம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஸிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட்! மாற்றி இழுத்தால் 20-க்கு 8 யூனிட்தான் போகும். கடையில் அவசரத்தில் எடுத்துக் கொடுப்பதை மூடியின் நிறம் பார்த்து வாங்குங்கள். கலங்கலான மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்திருபது முறை உருட்ட வேண்டும். ஒரே இடத்தில் தினமும் குத்தினால் தோலடியில் கட்டி திரளும். அந்தக் கட்டியில் போட்ட மருந்து எப்போது வேலை செய்யும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

சித்திரை வெயிலில் மருந்தைக் காப்பது பெரும் பாடு. திறக்காத புட்டி பனிப்பெட்டியில் இருக்கலாம். உறையும் தட்டில் வைத்தால் கெட்டுவிடும். திறந்ததை வெயில் படாமல் குளிர்ந்த இடத்தில் வைத்து நாலு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். பனிப்பெட்டி இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். காருகுறிச்சியிலிருந்து ஒரு மண்பானை வாங்கி, மணல் பரப்பி, அதன் நடுவே சிறு சட்டி வைத்து, மணலை நனைத்துக்கொண்டிருந்தால் போதும். மூடியிட்ட சட்டிக்குள் புட்டி குளுமையாக இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் அதற்காகக் கிராமத்துக் கிழவிகள் ஈரத் துணியில் சுற்றிய பாத்திரத்துடன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தச் சாஸ்திரத்தை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

என்னைப் போன்ற நடுவயதுக்காரர்களின் பாடு இவ்வளவு. பிறவிக் கணையமே கைவிட்டுவிட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரை கிடையாது, ஓய்வு கிடையாது, நாளுக்கு நாலு ஊசி, ஆயுள் முழுவதும். பெண்ணாக இருந்தால், நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று வீட்டில் மறைக்கிறார்கள், உபாத்தியாயரிடம்கூடச் சொல்வதில்லை. சொல்லாததால், வகுப்பில் பத்தரை மணிக்கு அந்தப் பெண் பிஸ்கோத்து தின்றால் அடி விழுகிறது. மயங்கினால் காலையில் சாப்பிடாமல் வந்தாள் என்று முடிவு கட்டுகிறார்கள். மத்திய கல்வி வாரியம் 2017-இல் இத்தகைய மாணவர்கள் பரீட்சை மண்டபத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதி கொடுத்தது. பெற்றோர் வைத்தியச் சீட்டுடன் முன்கூட்டியே தலைமையாசிரியரைக் கண்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதிக் கொடுத்த தகப்பனார் ஒருவர்தான் இதுவரை. அவர் மகள் எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று எல்லா உபாத்தியாயர்களுக்கும் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஆகையால் யாரும் கேலி செய்வதில்லை. ஆசிரியர் அறையில் சாக்குக்கட்டிகள் வைக்கும் அலமாரியின் மேல் தட்டில் ஒரு குளுக்கோஸ் டப்பா, ஒரு கரண்டி, ஒரு தம்ளர் இருக்கின்றன. எறும்பு ஏறாமலிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நான் பார்த்துவிடுகிறேன். தரையில் வைத்தால் எறும்பு வரும் என்று மேல் தட்டைச் சொன்னவள் அந்தப் பெண்தான்.